கரூரில் டிபிஎஸ் போர்டு

சிங்கப்பூரில் எனக்குச் சம்பளம் விழுகிற டிபிஎஸ் பேங்கின் பெயர் கரூரில் ஒரு கட்டடத்தில் தொங்குகிறது. அப்பா காலத்தில் அது லட்சுமி விலாஸ் பேங்க். ஆட்டோக்காரரிடம் இன்றும் அந்தப் பழைய பெயரைச் சொன்னால்தான் வண்டி நகர்கிறது.

மூன்று வார லீவில் நான்கு நாள் பேங்க் வேலைக்கே போய்விட்டது. அப்பா பெயரில் கிடந்த டெபாசிட், அம்மாவின் நகைக்கடன், வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்திருக்கிற என்ஆர்ஓ கணக்கு எனக்கும் உண்டு, அதற்கு கேஒய்சி என்கிற அடையாளச் சரிபார்ப்பு. மூன்றும் மூன்று ஜாதி பேங்கில்.

அரசு பேங்கில் பாஸ்புக் மெஷின் புத்தகத்தைத் துப்பிக்கொண்டே இருந்தது. பார்கோடு ஸ்டிக்கர் உரிந்துவிட்டதாம். புது ஸ்டிக்கர் ஒட்ட அரை மணி நேரம், டெபாசிட்டுக்கு இரண்டு நாள். பழைய தனியார் பேங்கில் மேனேஜர், "தறி வச்சிருந்தாரே, அவர் பையனா?" என்று ஆரம்பித்தார். நகையை மதிப்பிடும் அப்ரைசர் அம்மாவின் வளையலை உரைகல்லில் இழுத்து, ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பார்த்து, தலையாட்டினார். புதிய தனியார் பேங்கில் கேஒய்சி இருபது நிமிஷம். இன்சூரன்ஸ் விற்க வந்த தம்பியிடமிருந்து தப்பிக்க நாற்பது நிமிஷம். "அஞ்சு வருஷம் மட்டும் கட்டுங்க சார்" என்பதை ஏழு தடவை சொன்னார்.

இந்தப் பிரிவினை தானாக வந்ததல்ல. கரூர் வைஸ்யா 1916, லட்சுமி விலாஸ் 1926, இரண்டும் இந்த ஊரிலேயே பிறந்தவை. கும்பகோணத்தில் 1904-இல் தொடங்கிய சிட்டி யூனியனும், தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கண்டைலும் இதே பங்காளிகள்தான். ஜவுளிக்காரருக்கும் கடைக்காரருக்கும் முகம் பார்த்துக் கடன் கொடுத்தே வளர்ந்தவை. 1969-இல் 50 கோடிக்கு மேல் டெபாசிட் இருந்த 14 பேங்குகளை அரசு எடுத்துக்கொண்டபோது, சிறிசாக இருந்ததால் தப்பின. 1990-களில் ஹெச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ எல்லாம் கம்ப்யூட்டரோடு வந்து சம்பளக்காரர்களை அள்ளிக்கொண்டு போனபோதும், வியாபாரிகள் இவற்றை விடவில்லை.

ஆசை வேறு பக்கம் இழுத்தது. பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்தால் ஒரே கையெழுத்தில் நூறு கோடி வளர்ச்சி. ஆனால் தறிக்காரர் வீட்டுச் சுவரைப் பார்த்தே நிலைமை சொல்லும் மேனேஜருக்கு, எங்கோ வடக்கே இருக்கிற கம்பெனியின் கணக்கு எப்படிப் பிடிபடும்? அந்தப் பக்கம் போன லட்சுமி விலாஸ் வாராக்கடனில் மூழ்கியது. 2020 நவம்பர் 17 அன்று 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை. பத்தே நாளில் டிபிஎஸ் கையில். போட்ட டெபாசிட் பத்திரமாக இருந்தது, பங்கு வைத்திருந்தவர்களுக்குத்தான் ஒரு பைசா தேறவில்லை. கரூர் வைஸ்யாவும் பெரிய கடன்களில் சூடுபட்டதுதான். நேரத்தோடு சிறு கடனுக்கும் நகைக்கும் திரும்பிக்கொண்டது.

இப்போது நான் போன மூன்று பேங்க் வாசலிலும் ஒரே பேனர்: நகைக்கடன். தங்கம் விற்கிற விலைக்கு யார்தான் விடுவார்கள்!

கிளம்புவதற்கு முந்தின நாள், சும்மா டிபிஎஸ்ஸுக்குள் நுழைந்தேன். என் சிங்கப்பூர் கணக்கை இங்கே பார்க்க முடியுமா என்று கேட்டேன். "அது வேற கம்பெனி சார், இது டிபிஎஸ் இந்தியா" என்றார் கவுண்டரில் இருந்த பெண். சிங்கப்பூரில் நகையை வைக்க அடகுக்கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே டிபிஎஸ்ஸில் கேட்டால் சிரிப்பார்கள். நான் எழுந்தபோது அவர் கேட்டார்: "நகைக்கடன் ஏதாவது வேணுங்களா சார்?"