ரிம்மை விட்டுத் தெறிக்கும் டியூப்லெஸ் டயர்: இரண்டரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

தமது மலைச் சைக்கிளை டியூப்லெஸ்ஸுக்கு மாற்றலாமா, மாற்றினால் நான் ஓட்டும் அதே ரிம்மை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். ஒரு வரியில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த 29 அங்குலச் சக்கரங்களை இரண்டரை ஆண்டுகளாக ஓட்டுகிறேன்; அதற்குள் இரண்டு முறை பின் டயர் வெடிச்சத்தத்துடன் ரிம்மை விட்டுத் தெறித்திருக்கிறது. எடை, அகலம், ஆரக்கம்பிகளின் எண்ணிக்கை போன்றவை பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன என்பதால் அவற்றை விட்டுவிட்டு, அந்தத் தெறிப்பைப் பற்றியே எழுதுகிறேன்.

ஓடும்போது இந்தச் சக்கரங்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பின் சக்கரத்தில் 24 பிஎஸ்ஐ, முன் சக்கரத்தில் 21 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்துக்கொண்டு வேர்களும் சரளையும் நிறைந்த ஏற்றத்தில் மிதிக்கும்போது டயர் தரையை அணைத்துக்கொண்டு ஏறுகிறது. டியூப் இருந்த காலத்தில் இவ்வளவு குறைந்த காற்றில் ஒரு கல்லில் மோதினால் போதும், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழுந்துவிடும். ஒருமுறை நீளமான முள் ஒன்றைப் பிடுங்கியபோது டயருக்குள் ஊற்றியிருந்த சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) அந்த ஓட்டையில் வெள்ளை நுரையாகக் கொப்பளித்து, சக்கரத்தை நாலைந்து சுற்றுச் சுற்றியதும் உறைந்து நின்றது. பம்பைக்கூட எடுக்காமல் வீடு வந்து சேர்ந்தேன்.

முதல் தெறிப்பு, டயர் மாட்டிய அன்றே நடந்தது. வால்வின் உட்கருவைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, கம்ப்ரசரில் காற்றை ஒரே மூச்சாகச் செலுத்தியபோது பீட், அதாவது ரிம்மில் பொருந்தும் டயரின் தடித்த விளிம்பு, இரண்டு பக்கமும் டப் டப் என்று ஏறி அமர்ந்தது. ஆனால் வால்வுக்கு நேர் எதிரே ஒரு சாண் நீளத்துக்கு, டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டிச் சுற்றிவரும் மெல்லிய கோடு உள்ளே அமுங்கியே இருந்தது. இன்னும் கொஞ்சம் காற்று கொடுத்தால் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். டயரில் 50 பிஎஸ்ஐ வரை என்றும் ரிம்மில் 40 பிஎஸ்ஐ வரை என்றும் அச்சிட்டிருந்தார்கள். இரண்டில் குறைந்ததைத்தான் எல்லையாகக் கொள்ள வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 45-ஐ நெருங்கியபோது அந்தக் கோடு வெளியே வந்தது, ஆனால் அதற்கு அடுத்த இடத்தில் டயர் மெல்லப் புடைத்து ரிம்மின் விளிம்பைத் தாண்டியது. கையை எடுப்பதற்குள் வெடித்தது. சீலன்ட் கூரை வரை தெறித்தது. அன்று மாலை வரை காதில் ரீங்காரம் நிற்கவில்லை.

45 பிஎஸ்ஐ என்பது காருக்கு வைக்கும் காற்றைவிடச் சற்றுத்தான் அதிகம், அதற்கா இப்படி என்று தோன்றலாம். டயரின் துணியில் ஏறும் இழுவிசை அழுத்தத்தை மட்டுமல்ல, டயரின் பருமனையும் பொறுத்தது. 60 மி.மீ. பருமனுள்ள மலை டயரில் 35 பிஎஸ்ஐ ஏற்றினால் உண்டாகும் இழுவிசை, 25 மி.மீ. சாலை டயரில் 84 பிஎஸ்ஐ ஏற்றுவதற்குச் சமம். அதைத் தாங்கிப் பிடிப்பது பீட்டினுள் இருக்கும் நாரும், அது உட்கார்ந்திருக்கும் ரிம்மின் படியும் மட்டுமே.

தெறித்த அதே டயரைத் துடைத்து மீண்டும் மாட்டியது என் பெரிய தவறு. ஒருமுறை தெறித்த டயரின் பீட் நீண்டிருக்கக்கூடும், உள்ளே நார் அறுந்திருக்கக்கூடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதை 40 பிஎஸ்ஐயில் இரவு முழுவதும் நிறுத்திவிட்டுக் காலையில் வெயிலில் சாய்த்துவைத்தேன். வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 4 பிஎஸ்ஐ தானாகவே ஏறிவிடும். பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில் அது தெறித்தது. பீட் அமர்ந்தவுடன் ஓட்டும் அழுத்தத்துக்கு இறக்கியிருந்தால் அது நடந்தே இருக்காது.

ரிம் செய்தவர்களுக்கு எழுதினேன். டயரின் குறை என்றார்கள். டயர் செய்தவர்களுக்கு எழுதினேன். ரிம்மின் குறை என்றார்கள். இரண்டு பொருளின் மீதும் ‘டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றது’ என்று அச்சிட்டுவிட்டு, இரண்டும் சேரும் இடத்துக்கு ஒருவரும் பொறுப்பேற்காத இந்தப் போக்கை நினைத்தால் இன்றும் ஆத்திரமாக இருக்கிறது.

பிறகு நானே அளந்தேன். இந்த அளவு ரிம்மில் பீட் உட்காரும் படியின் விட்டம் 622 மி.மீ. இருக்க வேண்டும், அப்படியானால் சுற்றளவு 1,954 மி.மீ. மெல்லிய எஃகு அளவுநாடாவைப் படியின் மீது இறுக்கிச் சுற்றிப் பார்த்தபோது 1,951 தான் வந்தது, அதாவது விட்டத்தில் ஏறத்தாழ 1 மி.மீ. குறைவு. இதற்கு மேல், காற்றுக் கசியாமல் ரிம்மின் உட்புறம் ஒட்ட, ரிம்முடன் வந்த டேப்பின் அகலம் 25 மி.மீ. மட்டுமே. உள் அகலம் 30 மி.மீ. உள்ள ரிம்மில் அது ஆரக்கம்பித் துளைகளை மூடியதே தவிரப் படியைத் தொடவில்லை. பீட் வழவழப்பான வெற்று உலோகத்தின் மீது தளர்வாக உட்கார்ந்திருந்தது. சோப்புத் தண்ணீர் அதை மேலும் வழுக்கச் செய்திருக்க வேண்டும்.

பழைய டேப்பை உரித்து, பசையைத் துடைத்து, ஒரு பக்கச் சுவர் முதல் மறு பக்கச் சுவர் வரை படியும் 34 மி.மீ. டேப்பை இரண்டு சுற்று இழுத்து ஒட்டினேன். 0.2 மி.மீ. தடிமனுள்ள டேப் இரண்டு சுற்றில் சுற்றளவை ஏறத்தாழ 2.5 மி.மீ. கூட்டும். புதிய டயரை மாட்டும்போது கட்டைவிரல்கள் வலித்தன, முந்தைய டயரோ கையாலேயே சறுக்கிக்கொண்டு ஏறியிருந்தது. அந்தச் சுலபத்தையே நான் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். 35 பிஎஸ்ஐக்குள் பீட் சுற்றிலும் ஒரே சீராக அமர்ந்தது. அதன் பிறகு ஒன்றரை ஆண்டாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீலன்ட் ஊற்றுவதைத் தவிர வேறு எந்த வேலையும் வைக்கவில்லை.

ஆனாலும் இந்த ரிம்மை வாங்க வேண்டாம் என்றே நண்பருக்கு எழுதியிருக்கிறேன். ஒன்றரை ஆண்டாக ஒழுங்காக ஓடுவது நான் ஒட்டிய டேப்பால்தான், அதற்கான பாராட்டு ரிம்முக்குச் சேராது. டியூப்லெஸ்ஸுக்குத் தாராளமாக மாறலாம். எந்த ரிம்மை எடுத்தாலும் டயர் மாட்டும் முன் படியின் சுற்றளவை அளந்து பார்க்கவும், 3 மி.மீ. குறைந்தால் டேப் ஒட்டிச் சமாளிக்காமல் திருப்பிக் கொடுக்கவும், காற்றடிக்கும்போது கண்ணாடியும் காதடைப்பானும் போட்டுக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன்.