நாள் கணக்கா, சோதனைப் பட்டையா?

திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் என் தங்கை, பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே வட்டம் போட்டு, குழந்தை உண்டாக முட்டை வெளியாகும் நாள் எது என்று எண்ணுகிறாள். செலவில்லை. ஆனால் எல்லோருக்கும் மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து 14ஆம் நாள் என்று நினைப்பது தப்பு. அடுத்த மாதவிலக்கிலிருந்து சுமார் 14 நாள் பின்னோக்கி எண்ண வேண்டும்: சுழற்சி 28 நாள் என்றால் 14ஆம் நாள், 32 என்றால் 18ஆம் நாள் வாக்கில். விந்தணு 5 நாள் வரை தாங்கும், முட்டைக்கு ஒரே நாள்தான். அதனால் முந்தைய நாட்களை விட்டுவிடாதீர்கள்.

முட்டை வெளியாகப் போவதைக் காட்டும் சோதனைப் பட்டையை மெடிக்கலில் வாங்கிச் சிறுநீரில் நனைத்து, இரண்டாவது கோடு முதல் கோட்டளவு அடர்ந்தால், பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். நைட் ஷிப்ட், அலைச்சல் என்று தேதி தள்ளிப்போகிற மாதங்களில் நான் இதைத்தான் சொல்வேன். சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தால் பட்டையும் ஏமாற்றலாம். அப்போது டாக்டரைப் பாருங்கள் அம்மிணி.