லிங்கன் பாணி 12 அங்குல டிரம் பிரேக் கிட்: பழைய ஃபோர்டுக்கு வாங்கலாமா?

1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் இரும்புத் தண்டுகளால் இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக்கோடு வந்த வண்டி. பெடலிலிருந்து சக்கரம் வரை எஃகின் பாதுகாப்பு என்று விளம்பரம் செய்துகொண்டிருந்த ஃபோர்டு, 1939 மாடலில்தான் ஹைட்ராலிக்குக்கு இறங்கி வந்தது. அந்த 1939–48 பிரேக்கைக் கழற்றி முந்தைய கார்களில் மாட்டுவது ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்) கட்டுபவர்களின் பழைய வழக்கம். அதற்கு மேல்படி லிங்கன் பிரேக். 1940களின் லிங்கன் கார்களில் இருந்த, பெண்டிக்ஸ் நிறுவனத்தின் வகை: 12 அங்குல டிரம், அதை உள்ளிருந்து அழுத்தும் 2 அங்குல அகலக் கட்டை (பிரேக் ஷூ). அசல் சாமான் இப்போது அரிது. அதைப் பார்த்துப் புதிதாகச் செய்த கிட்தான் இங்கே பேச்சு.

பெட்டிக்குள் பெரும்பாலும் பேக்கிங் பிளேட் (கட்டைகளைத் தாங்கும் தட்டு) ஒரு ஜோடி, லைனிங் (டிரம்மில் உரசும் பட்டை) ஒட்டிய கட்டைகள், ஸ்பிரிங்குகள், கட்டையைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள், கட்டையின் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்டார் வீல் அட்ஜஸ்டர்கள் இருக்கும். டிரம், ஹப், ஹோஸ் தனி. விலை பார்க்கும்போது இதைக் கணக்கில் சேர்க்காதவர்கள் பாதி வழியில் நிற்பார்கள்.

கட்டையின் அகலம் ஃபோர்டின் 1¾ அங்குலத்திலிருந்து 2 அங்குலமாவது சின்ன லாபம். பெரிய லாபம் உள்ளே இருக்கிறது. ஃபோர்டின் 1939–48 பிரேக் லாக்ஹீட் என்ற அமைப்பு. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் தனி ஆங்கர் பின் (கட்டையைப் பிடித்து நிறுத்தும் ஊசி). முன் கட்டையை டிரம் தன்னோடு இழுத்துக்கொள்ளும், பின் கட்டையைத் தள்ளிவிடும். பெண்டிக்ஸில் அடிமுனைகள் எங்கும் பூட்டப்படவில்லை. அட்ஜஸ்டர் வழியாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மிதக்கின்றன. முன் கட்டை டிரம்மோடு நகர்ந்து பின் கட்டையை உந்த, அது மேலே உள்ள ஒரே ஆங்கரில் முட்டி இறுகுகிறது. வண்டியின் ஓட்டமே பிரேக்கை அழுத்தித் தருகிறது. பூஸ்டர் இல்லாமல் கால் வலிக்காமல் நிற்பது இதனால்தான்.

இந்தப் பிரேக்கின் குணமும் குறையும் இதே இடத்தில்தான். நல்லதைப் பெருக்குவது போலவே தப்பையும் பெருக்கும். ஒரு பக்க லைனிங்கில் கிரீஸ் பட்டாலோ, அட்ஜஸ்ட்மென்ட் இரண்டு கிளிக் பிசகினாலோ லாக்ஹீட் பொறுத்துக்கொள்ளும். இது ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். ஃபெண்டர் இல்லாத ரோட்ஸ்டரில் மழைத் தண்ணீர் ஒரு டிரம்மில் புகுந்தாலும் அதே கதை.

அதனால் கிட்டைப் பிரித்தவுடன் மாட்டக் கூடாது. முதல் வேலை லேத்தில். டிரம்மை வட்டமாகக் கடைந்து உள்விட்டத்தை அளக்க வேண்டும். அசல் அளவுக்கு மேல் 0.060 அங்குலம் போய்விட்டால் அந்த டிரம் கழிவு. 1¾ அங்குலக் கட்டைக்காக வந்த ஃபோர்டு டிரம் என்றால், தேயாத ஓரத்தில் நிற்கும் விளிம்பு 2 அங்குலக் கட்டையில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதன் பிறகு கட்டைகளை அந்தந்த டிரம்மின் வளைவுக்கே தேய்க்க வேண்டும். கிட்டில் வரும் லைனிங் சரியாக 12 அங்குல வளைவில் இருக்கும். கடைந்த டிரம்மோ அதைவிடப் பெரியது. தேய்க்காமல் போட்டால் கட்டையின் நடுப்பகுதி மட்டும் தொடும், பெடல் பஞ்சு மாதிரி இருக்கும், காற்று இருக்கிறதென்று மூன்று முறை ஏர் எடுப்பார்கள். காற்றே இருக்காது, கட்டைதான் வளைந்து கொடுக்கிறது. இந்த வேலைக்குப் பட்டறை கிடைக்காத ஊரில் இருப்பவர் கிட்டை வாங்காமல் இருப்பதே மேல். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

மாட்டும்போது அதிகம் நடக்கிற பிழை கட்டை மாறிப்போவது. சின்ன லைனிங் உள்ள கட்டை வண்டியின் முன்பக்கம், நீளமானது பின்பக்கம். பெரியதுதான் முன்னே வேலை செய்யும் என்று கை தானாகத் திருப்பிப் போட்டுவிடும். அட்ஜஸ்டர்கள் இடது வலது என்று எதிரெதிர் மரை. மாற்றிப் போட்டால் இறுக்க நினைத்துத் தளர்த்துவீர்கள். 1937–48 ஸ்பிண்டிலில் (முன் சக்கரம் சுழலும் அச்சு முனை) பிளேட் பெரிய சிக்கலின்றி உட்காரும். அதற்கு முந்தையதில் பிளேட்டுக்கு நடு வளையமும், பிந்தைய ஹப்புக்கு பேரிங் ஸ்லீவும் வேண்டும். வளையம் இல்லாமல் நாலு போல்ட்டை மட்டும் நம்பினால் பிளேட் மையம் தவறும். ஆங்கர் நகரும் வகை என்றால், நீளக் கட்டையின் இரு முனையிலும் டிரம்முக்கு 0.010 அங்குல இடைவெளி விட வேண்டும்.

இனி மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்தால் திரவத்தைச் சக்கரங்களுக்குத் தள்ளும் சிலிண்டர். ஃபோர்டின் 1939–48 மாஸ்டர் ஒற்றை அறை. ஒரு ஹோஸ் போனால் நாலு சக்கரமும் போச்சு. 1967 முஸ்டாங்கின் டிரம் வகை இரட்டை மாஸ்டர், 1 அங்குல போர் (சிலிண்டரின் உள்விட்டம்), பலரும் தரைக்கு அடியில் பொருத்துவது. போர் பெரிதானால் பிரேக்கும் பெரிதாகும் என்ற நம்பிக்கை தலைகீழ். 6:1 பெடலில் 100 பவுண்டு மிதித்தால் 1 அங்குல போரில் திரவ அழுத்தம் சுமார் 764 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), 1⅛ அங்குலத்தில் சுமார் 604. பெரிய போரில் பெடல் குறைவாக இறங்கும், கால் அதிகம் வலிக்கும், அவ்வளவுதான்.

டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு (பெடலை விட்ட பிறகும் பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைப்பது) வேண்டும். மாஸ்டருக்குள்ளேயே அது இருந்தால் வெளியில் இன்னொன்று வேண்டாம். டிஸ்க்குக்கான 2 பிஎஸ்ஐ வால்வை இங்கே போடுவதில் பயனில்லை. மாஸ்டரின் புஷ்ராடில் 1/16 அங்குலம் ஆட்டம் விடாவிட்டால் திரும்பும் துவாரம் மூடியே இருக்கும். சூட்டில் திரவம் விரிந்து, மிதிக்காமலே சக்கரம் பிடித்துக்கொள்ளும். பைப் 3/16 அங்குல ஸ்டீல் அல்லது காப்பர்-நிக்கல், முனை இரட்டை ஃபிளேர் (இரண்டு மடிப்பாக விரித்தது). சுத்த செம்புக் குழாயும் கம்ப்ரஷன் ஃபிட்டிங்கும் கூடாது. பட்டறையில் எல்லோரும் பிரேக் ஆயில் என்றுதான் சொல்கிறோம், ஆனால் இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் கப் ஊதிவிடும். பிரேக் திரவத்தில் டாட் 3 அல்லது டாட் 4 தரம் போதும். சிலிக்கோன் டாட் 5 ஊற்றுவதானால் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும், கலக்கக் கூடாது.

அட்ஜஸ்ட் செய்ய ஸ்டார் வீலைச் சக்கரம் நிற்கும்வரை இறுக்கி, பெடலை ஒருமுறை அழுத்திக் கட்டைகளை மையத்துக்கு வரவிட்டு, லேசாக உரசும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். பிறகு 50 கிமீ வேகத்திலிருந்து இருபது முறை, நடுவில் ஆறவிட்டு நிறுத்தி, மறுபடி ஒரு அட்ஜஸ்ட்.

முன்னால் இந்த கிட், பின்னால் பழைய ஃபோர்டு ஹைட்ராலிக் என்பது நல்ல ஜோடி. பின்னால் மட்டும் பெண்டிக்ஸ் வகை போட்டு முன்னால் லாக்ஹீட்டை விடுவது ஆபத்து. இலகுவான ரோட்ஸ்டரில் பின் சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழலும்.

சூட்டில் டிரம் விரிந்து கட்டையிடமிருந்து விலகும். பெரிய மலை இறக்கத்தில் டிஸ்க்குக்கு இது ஈடாகாது. பணம் இருந்தால் 1950களின் கடைசியில் வந்த ப்யூக்கின் 45 துடுப்பு அலுமினிய டிரம் உதவும்: உள்ளே வார்ப்பிரும்பு வளையம், 12 அங்குலம், சூடு சீக்கிரம் வெளியேறும். ஆனால் அதன் போல்ட் வட்டம் 5 அங்குலம், ஃபோர்டு ஹப்புக்கு 5½. மறுபடி துளையிட்டு, நடுத்துளையைப் பெரிதாக்கி, பிளேட்டின் விளிம்பையும் கடைய வேண்டும். சில 15 அங்குல ரிம்கள் துடுப்பில் இடிக்கும். டிரம்முக்குப் பணம் கட்டுவதற்கு முன் ரிம்மை வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள்.