ஆன்லைனில் வாங்கிய மூன் காக்டஸ்: செடி அருமை, மண் மோசம்

மூன் காக்டஸ் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுக்கட்டிய இரண்டு கள்ளிச் செடிகள். மேலே இருக்கும் சிவப்பு உருண்டை ஜிம்னோகாலிசியம் என்ற கள்ளி வகை, அதில் பச்சையம் இல்லாததால் தனியாகப் பிழைக்காது, 1940களில் ஜப்பானில் நாற்றுகளுக்கு நடுவே தற்செயலாக வந்த இந்த நிறத்தை ஒட்டுக்கட்டித்தான் காப்பாற்றினார்கள். கீழே இருக்கும் முக்கோணத் தண்டு டிராகன் ஃப்ரூட் இனம், இரண்டுக்கும் சாப்பாடு தயாரிப்பது அதுதான். அதனால் நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், ஒட்டின இடத்தைப் பாருங்கள், இடைவெளியோ பழுப்போ தெரிந்தால் வேண்டாம்.

எனக்கு வந்ததில் ஒட்டு அவ்வளவு சுத்தம், தண்டும் கெட்டியான பச்சை. ஆனால் தொட்டி முழுக்க வெறும் தேங்காய் நார்த்தூள்! அது ஈரத்தைப் பிடித்துவைத்துத் தண்டை அழுகவிடும், உடனே ஆற்று மணலும் பெர்லைட்டும் (தண்ணீர் தேங்காமல் வடியவைக்கும் வெள்ளைத் துகள்) கலந்து மாற்றிவிட்டேன். விற்பவர்கள் இதைச் சொல்லியாவது அனுப்பலாம்.

உச்சி வெயில் ஆகாது, காலை வெயில் போதும். ஆயுள் பெரும்பாலும் சில வருடங்கள்தான், சரி, அதற்கும் வழி இருக்கிறது: உருண்டையில் முளைக்கும் குட்டியை வெட்டிப் புதுத் தண்டில் வைத்து, இரண்டின் வெட்டிய பரப்பிலும் நடுவில் தெரியும் வளையங்கள் ஒன்றையொன்று தொடும்படி ரப்பர் பேண்டால் இறுக்கிவிட்டால் பிடித்துக்கொள்ளும். வாங்கும்போதே குட்டிகள் உள்ள செடியாகக் கேளுங்கள்.