கீமோவுக்கான குளிர் தொப்பி: கருவியைவிடப் பொருத்தும் கை முக்கியம்

கீமோ மருந்து ஏறும்போது முடி கொட்டுவதைக் குறைக்கத் தலையைக் குளிர்விக்கும் தொப்பி உண்டு. இதைப் பற்றி 2017-இல் ஜாமா மருத்துவ இதழில், மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடந்த இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. பேக்ஸ்மன் என்ற குளிர்விப்புக் கருவியைப் பயன்படுத்திய 95 பேரில் 48 பேருக்கும், டிக்னிகேப் என்ற இன்னொரு கருவியைப் பயன்படுத்திய 101 பேரில் 67 பேருக்கும் பாதி முடியாவது தங்கியது. தொப்பி அணியாதவர்களில் ஒருவருக்குக்கூடத் தங்கவில்லை. இதை வைத்து டிக்னிகேப்தான் உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆய்வில் ஆந்த்ராசைக்ளின் வகை கீமோ மருந்து (டாக்சோரூபிசின் போன்றது) எடுத்தவர்கள் இல்லை. பேக்ஸ்மன் ஆய்வில் இருந்தார்கள். டாக்சேன் வகை மருந்து (டோசிடாக்சல் போன்றது) மட்டும் ஏற்றுபவர்களுக்குக் கிடைக்கும் பலன் ஆந்த்ராசைக்ளினில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வாங்கும் முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, உங்களுக்கு ஏற்றப்போகும் மருந்து எது என்பதுதான்.

இரண்டு கருவிகளிலும் சிலிக்கோன் தொப்பிக்குள் குளிர்திரவம் ஓடும்; அதை நியோபிரீன் என்ற ரப்பர் வகை உறை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும். தலைத்தோல் குளிரும்போது ரத்தக்குழாய்கள் சுருங்கி, மயிர்க்காலுக்குப் போகும் மருந்து குறைகிறது. அங்குள்ள செல்களின் வேகமும் மட்டுப்படுகிறது. தலைத்தோலின் வெப்பம் சுமார் 22 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் இது நடக்கும்.

பெரும்பாலான தோல்விகள் பொருத்துவதில் நடக்கின்றன. தொப்பிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நின்ற இடம் பிறகு வழுக்கைத் திட்டாகத் தெரியும், பெரும்பாலும் உச்சியில். முடியைத் தண்ணீர் தெளித்து நனைத்து, கொஞ்சம் கண்டிஷனர் தடவி, பின்னால் வாரிவிட வேண்டும். கொண்டையோ பின்னலோ கூடாது. நெற்றியிலும் காதுகளிலும் மெல்லிய துணி வைத்தால் குளிர்க்கடுப்பு குறையும். தொப்பியை உச்சியில் அழுத்தி இறக்கிய பிறகே தாடைப்பட்டையை இறுக்குங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் தலை இருந்தால் சிறியதையே முதலில் போட்டுப் பாருங்கள்.

மருந்து ஏறத் தொடங்குவதற்கு 30 நிமிடம் முன்பே குளிர்விக்க வேண்டும். அடர்த்தியான முடிக்கு 45. முதல் 10, 15 நிமிடம் தலை விண்விண்ணென்று வலிக்கும், பிறகு மரத்துப்போகும். பாராசிட்டமால் எடுக்கலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள், கனமான போர்வையும் கொண்டுபோங்கள். மருந்து முடிந்த பின்னும் தொப்பி தலையில் இருக்க வேண்டும்: டோசிடாக்சலுக்கு 20 நிமிடம் போதும், டாக்சோரூபிசினுக்கு 90 நிமிடமோ அதற்கு மேலோ. இருக்கை வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் விட்டுக்கொடுக்காதீர்கள். கழற்றும்போது உறைபனி இளகும்வரை சில நிமிடம் பொறுங்கள், இல்லையேல் முடி கையோடு வந்துவிடும்.

உறையவைத்து மாற்றும் ஜெல் தொப்பிகள் மலிவு. ஆனால் 20, 30 நிமிடத்துக்கு ஒன்று மாற்ற ஆள் வேண்டும், உலர்பனி (உறைந்த கரியமில வாயு) வேண்டும், தோல் கருகும் அபாயமும் உண்டு. பழகிய துணை கூட இல்லாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

முதல் ஊசிக்குப் பிறகு மூன்றாவது வாரம் வாக்கில் சீப்பில் கொத்தாக முடி வரும். பலரும் இங்கேதான் மனம் உடைந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் மிச்சமும் போய்விடும். வாரம் ஒன்றிரண்டு முறை வெதுவெதுப்பான நீரில் மென்மையாக அலசுங்கள், அகலப்பல் சீப்பு போதும், ஹேர் டையும் சூடான டிரையரும் வேண்டாம்.

ரத்தப் புற்றுநோய், குளிரால் தோல் தடிக்கும் ஒவ்வாமை, குளிரில் ரத்தப் புரதங்கள் திரளும் கிரையோகுளோபுலின் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தத் தொப்பி கூடாது.