தழும்புள்ள செடிக்குப் பாதி விலை வாங்கும் நர்சரி

பெங்களூர் லால்பாக்கின் சித்தாபுரம் வாசலை ஒட்டிய நர்சரிகளுக்குச் சக்குலென்ட், அதாவது தண்ணீரைத் தேக்கிவைக்கும் சதைப்பற்றுச் செடி, வாங்க வருகிறவர்கள் பளபளப்பான செடியைத் தேடுவார்கள். என் கண் முதலில் உடைந்த இலைகள் கிடக்கும் மூலைக்குத்தான் போகும். காயம்பட்ட இலையைக் கடைக்காரர் என்ன செய்கிறார் என்று பார்த்தாலே அவருக்குத் தொழில் தெரியுமா என்பது விளங்கிவிடும்.

அப்படித் தேறிய கடை, வரிசையின் கோடியில் தகரக் கூரை போட்ட சிறிய நர்சரி. நடத்துபவர் ஓசூர்க்காரர். லாரியில் வரும்போது உதிர்ந்த எச்செவேரியா, ஜேட் என்ற சக்குலென்ட் செடிகளின் இலைகளை முறத்தில் பரப்பி நிழலில் வைத்திருக்கிறார். புதுச் செடி முளைக்க உடனே நட்டால் என்ன என்று கேட்டேன். "முதலில் வாய் மூடட்டும், அம்மா" என்றார். சரியான பதில். ஒடிந்த முனையின் செல்கள் காய்ந்து, அதனடியில் நீர் புகாத சுபெரின் என்ற மெழுகுப் பொருள் படிந்து தக்கையாக இறுக வேண்டும். அதற்குள் ஈர மண்ணில் வைத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே புகுந்து இலை கூழாகிவிடும். மழைக்காலத்தில் முறத்து இலைகளை இன்னும் சில நாள் கூடுதலாகக் காயவிடுகிறார். அதே வரிசையில் இன்னொரு கடையில், அப்போதுதான் ஒடிந்த இலையைக் கோகோபீட்டில் (தென்னை நார்த்தூளில்) செருகித் தண்ணீரும் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நான் தொட்டிகூட வாங்க மாட்டேன்.

ஐஸ் பிளான்டும் இங்கே கிடைக்கிறது. டெலோஸ்பெர்மா கூப்பரி என்ற தென்னாப்பிரிக்கச் செடி. உருண்டு நீண்ட இலை. தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் பொருள்களை உருவாக்க, ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தார் இதை முன்மாதிரியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். குறுக்கே கீறினால் காயம்பட்ட பக்கம் நீரிழந்து உள்ளழுத்தம் குறைகிறது. இலை அந்தப் பக்கமாக வளைய, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் காயத்தின் விளிம்புகள் சேர்ந்துவிடுகின்றன. இது அடைப்பு மட்டுமே. புண் ஆறுவது அதன்பின் மெதுவாக நடக்கிறது. இதைச் சொன்னதும் கடைக்காரர் பிளேடால் ஓர் இலையைக் கீறி வைத்துவிட்டு டீ வரவழைத்தார். டீயைக் குடித்து, மண்கலவைக்குப் பேரம் பேசி, மற்ற செடிகளையெல்லாம் பார்த்துத் திரும்பியபோது இலை கொக்கியாக வளைந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

ஆறிய தழும்புள்ள செடிகளுக்குப் பாதி விலைதான். 120 ரூபாய் ஜேட் எனக்கு 60க்குக் கிடைத்தது. தழும்பு மறையாது, புதிய இலைதான் சுத்தமாக வரும் என்று அவரே சொல்லிவிடுகிறார். எச்செவேரியாவின் வெண்மெழுகுப் பூச்சு விரல் பட்டு அழிந்தால் மட்டும் தள்ளுபடி கிடையாது. "நீங்கள் தொட்டதுதானே" என்கிறார். நியாயம்தான்.

குறைகளும் உண்டு. கற்றாழை போலத் தோன்றும் ஹாவொர்த்தியா என்ற சிறு செடிகள் எல்லாவற்றுக்கும் கற்றாழை என்றே சீட்டு ஒட்டியிருக்கிறார். பீங்கான் தொட்டிகளின் விலை அநியாயம். திருகுகள்ளியைக் கையுறை இல்லாமல் வெட்டித் தருகிறார். வெட்டியதும் வடிந்து வெட்டுவாயைக் காக்கும் பால் கண்ணில் பட்டால் பெரும் தொல்லை. கள்ளி வாங்குவதானால் பழைய செய்தித்தாள் கொண்டுபோங்கள், குழந்தைகளைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.