டிஸ்க் டிரைவுக்குள் சிக்கிய பொருள்: வாய் வழியா, மூடி வழியா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிடி, டிவிடி படிக்கும் டிஸ்க் டிரைவுக்குள் டிஸ்க் அல்லாத ஏதோ ஒன்று போய்விட்டால், டிஸ்க் போடும் வாய் வழியாகத் துழாவுவதைவிட டிரைவை வெளியே எடுத்து மூடியைக் கழற்றுவதே மேல். எங்கள் வீட்டு லேப்டாப்பில் உறவினர் ஒருவர் கார்டு ரீடர் என்று நினைத்து, டிஸ்க் போடும் பிளவுக்குள் எஸ்டி கார்டைத் தள்ளிவிட்டார். இரண்டு வழியையும் யோசித்துப் பார்த்து நான் மூடியைத்தான் கழற்றினேன். கார்டும் பிழைத்தது, டிரைவும் இன்றுவரை படிக்கிறது.

தள்ளியவரைக் குறை சொல்வதற்கில்லை. டிஸ்க்கின் தடிமன் 1.2 மி.மீ., எஸ்டி கார்டு 2.1 மி.மீ. உள்ளே போகாது என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பிளவின் உதடுகளில் இருப்பது தூசியைத் தடுக்கும் மெல்லிய துணிப்பட்டை மட்டுமே. கொஞ்சம் அழுத்தினால் விலகி வழிவிட்டுவிடும். நாணயம், ஸ்டேப்ளர் பின், டிஸ்க்கிலிருந்து உரிந்த ஸ்டிக்கர் எல்லாம் உள்ளே போவது இப்படித்தான்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: கணினியை முழுதாக அணைத்து மின்சாரத்தைத் துண்டிப்பது. லேப்டாப்பில் பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். எஜெக்ட் பொத்தானை மாறி மாறி அழுத்துவதால் பலன் இருக்காது. டிரைவின் சென்சார்கள் தேடுவது 12 செ.மீ. வட்டத்தை, ஓரமாகக் கிடக்கும் சின்னக் கார்டு பெரும்பாலும் அவற்றின் கணக்கிலேயே வராது.

டிரே வெளியே வரும் வகை என்றால் பாதி பிரச்சினை இல்லை. முன்பக்கம் இருக்கும் குண்டூசித் துளைக்குள் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக விட்டு அழுத்தினால் டிரே கொஞ்சம் வெளியே வரும், மீதியைக் கையால் இழுத்துக்கொள்ளலாம். பொருள் டிரேயின் மேலேயே இருந்தால் அத்தோடு கதை முடிந்தது. பின்னால் விழுந்திருந்தால் டிரே வகைக்காரர்களும் மூடிக்குத்தான் வர வேண்டும். மேசைக் கணினியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: டிரைவுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் டிஸ்க்கைச் செருகிவிட்டு, டிரைவ் விழுங்கிவிட்டது என்று தேடுவார்கள். பக்கப் பலகையைத் திறந்தால் டிஸ்க் கேபினெட்டின் அடியில் கிடக்கும்.

சரி, பிளவு வகைக்கு வருவோம். வாய் வழி வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிளவு கீழே பார்க்கும்படி லேப்டாப்பைச் சாய்த்து மெதுவாகத் தட்டுவது. அப்புறம் விறைப்பான அட்டைத் துண்டின் நுனியில் இருபக்க டேப்பை ஒட்டி உள்ளே விட்டு, பொருளை ஒட்டவைத்து இழுப்பது. டார்ச் அடித்தால் பொருள் கண்ணுக்குத் தெரிகிறது, பிளவை ஒட்டியே கிடக்கிறது, அது உலோகம் இல்லை என்ற மூன்றும் பொருந்தினால் இதை ஒருமுறை செய்து பார்ப்பதில் தவறில்லை. செலவும் இல்லை, ஸ்க்ரூவும் தொலையாது. ஒன்று மட்டும் பொருந்தாவிட்டாலும் நான் செய்ய மாட்டேன். காரணம் லென்ஸ்.

டிரைவின் உயிர் இருப்பது டிஸ்க்கைப் படிக்கும் அந்தப் பட்டாணி அளவு லென்ஸில். அது உறுதியாகப் பொருத்தப்பட்ட கண்ணாடி இல்லை. டிஸ்க் சுழலும்போது ஏற்படும் சின்னச் சின்ன அசைவுக்கெல்லாம் ஈடுகொடுத்து மேலும் கீழும் நகர வேண்டும் என்பதால், முடி போன்ற மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டிருப்பார்கள். அட்டையின் ஓரம் இடித்து ஒரு கம்பி வளைந்தாலே போதும், டிஸ்க் படிக்காது. லென்ஸில் கீறல் விழுந்தாலும் அதே கதி. துழாவும் கைக்கோ லென்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. போகப் போகத் தெரியும் என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் அது மேலே பார்த்தபடி மூடாமல் கிடக்கிறது. பக்கத்தில் போன பொருள் அதன்மேல்தான் உராயும்.

உலோகம் என்றால் இன்னும் மோசம். லென்ஸை அசைக்கும் சுருளுக்கு இருபுறமும் சின்னதாக, ஆனால் வலுவான காந்தங்கள் இருக்கின்றன. உள்ளே போன ஸ்டேப்ளர் பின் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கும் என்று நினைப்போம். லேப்டாப்பைக் குலுக்கக் குலுக்க அது போய் ஒட்டிக்கொள்ளக்கூடிய இடம் அந்தக் காந்தம்தான், அதாவது லென்ஸின் தோளிலேயே. இரும்புச் சாமணத்தை உள்ளே விட்டால் அதன் நுனியையும் அது இழுக்கும். காந்தம் கட்டிய குச்சியால் பின்னை எடுக்கலாம் என்று யோசனை சொல்பவர்களுக்கும் இதுதான் என் பதில். காற்றுக் குப்பியால் ஊதுவது பொருளை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும் வேலை.

மூடியைக் கழற்றினால் இந்தப் பயங்களில் பெரும்பாலானவை ஒரே வீச்சில் போய்விடும், ஏனென்றால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கிறோம். டிரே உள்ள பல பழைய லேப்டாப்களில் அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூவை எடுத்தால் டிரைவ் பக்கவாட்டில் வழுக்கி வந்துவிடும். பிளவு வகையில் லேப்டாப்பின் அடித்தட்டையே திறக்க வேண்டியிருக்கும். டிரைவ் கைக்கு வந்ததும், சுற்றியுள்ள பொடி ஸ்க்ரூக்களை எடுத்து மூடியை நெம்பாமல் தூக்க வேண்டும். இந்த டிரைவ்களின் மொத்தத் தடிமனே 12.7 அல்லது 9.5 மி.மீ.தான். மூடி கொஞ்சம் வளைந்தாலும் சுழலும் டிஸ்க் அதில் உரசும். உள்ளே ஸ்பிரிங்கோடு கூடிய நெம்புகோல்கள் இருக்கும். அவற்றைத் தொடாமல், திறந்த உடனே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொருளை பிளாஸ்டிக் சாமணத்தால் எடுக்கலாம். எங்கள் கார்டு, டிஸ்க்கை உள்ளே இழுக்கும் ரப்பர் உருளைக்குப் பின்னால் குறுக்காகக் கிடந்தது. வாய் வழியாக இழுத்திருந்தால் உருளையில் மாட்டி இன்னும் இறுகியிருக்கும்.

மூடி திறந்திருக்கும்போது மட்டும் எக்காரணம் கொண்டும் மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள். டிரைவின் மேல் ‘கிளாஸ் 1’, அதாவது ஆபத்தில்லாத லேசர் வகை, என்று எழுதியிருப்பது மூடி இருக்கும் நிலைக்குத்தான். எழுதும் டிரைவ்களின் லேசர் கண்ணைக் கெடுக்கும் அளவு வலுவானது. அதிலும் சிடிக்கான 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது.

என் கைப்பழக்கம் லேப்டாப்பிலும் மேசைக் கணினியிலும்தான். திரைக்குப் பின்னால் எல்லாம் அடங்கிய கணினிகளில் டிரைவை எட்டுவதற்கே திரையைக் கழற்ற வேண்டியிருக்கும். அங்கே என் வாதம் இத்தனை உறுதியாக நிற்காது, பழக்கப்பட்ட மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது. வாரண்டி இருந்தாலும் அப்படியே.

யூஎஸ்பி டிரைவ் ஒன்றை வாங்கிக்கொண்டு பழையதை அப்படியே விட்டுவிடலாமே என்றால், விடலாம். சிக்கிய பொருள் வேண்டாததாகவும் டிரைவ் எப்போதாவது மட்டும் தேவைப்படுவதாகவும் இருந்தால் அது நியாயமான முடிவு. ஆனால் பழைய டிரைவின் இணைப்பை உள்ளே கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை கணினி கிளம்பும்போதும் லென்ஸைத் தாங்கிய வண்டி நடுவை நோக்கி ஓடி, வழியில் கிடப்பதை இடித்துக்கொண்டே இருக்கும். அதற்காக எப்படியும் கணினியைத் திறக்கத்தான் போகிறோம். திறந்தபின் டிரைவின் மூடி இன்னும் சில ஸ்க்ரூ தூரம்தான்.

எல்லாம் பூட்டி முடித்ததும் முதலில் போடுவது போனால் போகட்டும் என்கிற ஒரு சிடியாக இருக்கட்டும். 52 மடங்கு வேக டிரைவில் டிஸ்க் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும். உள்ளே ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் உரசல் சத்தம் கேட்டுவிடும். கேட்டால் உடனே அணைத்துவிட்டு மறுபடி மூடியைத் திறங்கள்.